மிமி இறக்கும்போது ரொடால்ஃபோ எங்கே நிற்கிறான்? ஓபரா ஓவியங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புச்சினியின் ‘லா பொஹீம்’ கடைசிக் காட்சியை வரைபவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள்: கட்டிலில் மிமி, அவளை வாரி அணைத்தபடி ரொடால்ஃபோ. அவன் அலறி அவள்மேல் விழுவது பிறகுதான். உயிர் பிரியும் வேளையில் அவன் கவனம் வேறெங்கோ இருக்கிறது. சன்னல் வழியே அவள் முகத்தில் வெயில் படுகிறது. அதை மறைக்க நாற்காலியில் ஏறி, தோழி மூசெட்டாவின் மேலங்கியை மாட்டப் பார்க்கிறான். ஓசைப்படாமல் கட்டிலருகே போன நண்பன் ஷோனார்தான் முதலில் கண்டுகொண்டு இன்னொரு நண்பன் மார்செல்லோவிடம் சொல்கிறான். ரொடால்ஃபோவோ, அவள் அமைதியாகத் தூங்குகிறாள் என்றே நம்பிக்கொண்டிருக்கிறான். நண்பர்களின் முகம்தான் அவனுக்குச் சேதி சொல்கிறது. 1896இல் தூரின் நகரில் அரங்கேறிய இந்த ஓபராவின் துயரம் முழுவதும் அந்தச் சில நொடித் தாமதத்தில் இருக்கிறது. அணைப்பை மட்டும் வரைந்தால் எந்தக் காதல் கதைக்கும் ஒட்டவைக்கலாம்.

பாடல் நூலை, அதாவது ஓபராவின் வசனமும் மேடைக் குறிப்பும் அடங்கிய நூலை, திறக்காமல் தூரிகையை எடுப்பதால் வரும் கோளாறு இது. அக்கால இத்தாலியப் பாடல் நூல்களின் மேடைக் குறிப்புகள் ஓவியருக்கென்றே எழுதியவைபோல இருக்கும். வெர்டியின் ‘லா திராவியாட்டா’ மூன்றாம் அங்கத்தைப் பாருங்கள்: பாதி இழுத்த கட்டில் திரை, அருகே ஒரு முக்காலியில் தண்ணீர்ப் புட்டி, படிகக் கோப்பை, மருந்துகள், எரியும் இரவு விளக்கு, கனன்றுகொண்டிருக்கும் கணப்பு. இவ்வளவு கிடைத்தும் பலர் நாயகி வயலெட்டாவைக் கட்டிலிலேயே சாகவிடுகிறார்கள். அவளோ வலி நின்றுவிட்டது, மறுபடி வாழப்போகிறேன் என்று பரவசத்தோடு எழுகிறாள். அடுத்த கணம் சோபாவில் சரிகிறாள். எழுந்து நிற்கும் அந்தக் கணத்தை வரையத் துணிபவரே என் கணக்கில் நல்ல ஓவியர்.

இதே ஓபராவில் ஆடை விஷயத்திலும் ஒரு பொறி இருக்கிறது. தாம் வாழ்ந்த காலத்து உடையிலேயே கதை நடக்க வேண்டும் என்று வெர்டி விரும்பினார். 1853இல் வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கிலோ அதை 1700ஆம் ஆண்டு வாக்கிற்குத் தள்ளிவிட்டார்கள். பின்னும் பல ஆண்டுகள் அந்த வழக்கம் நீடித்தது. ஆகவே பழைய அச்சுப்படம் ஒன்றைப் பார்த்து உடையை வரைபவர், வெர்டி கேட்டதை வரைகிறோமா, அவருக்குக் கிடைத்ததை வரைகிறோமா என்று முடிவுசெய்துகொள்ள வேண்டும். ஒரே படத்தில் இரண்டையும் கலப்பதுதான் கூடாது.

வெர்டியின் ‘ரிகொலெட்டோ’வில் நாயகன் ரிகொலெட்டோவின் மகள் ஜில்டா குத்துப்பட்டு, சாக்குப் பையில் கட்டப்பட்டுத் தந்தையிடம் வந்து சேர்கிறாள்; அந்தப் பையிலிருந்து வெள்ளை கவுனில் வெளிப்படும் ஜில்டாக்களுக்குக் குறைவில்லை. உண்மையில் அவள் ஆண் வேடத்தில், காலில் பூட்ஸும் குதிமுள்ளும் அணிந்து வந்தவள். மின்னல் வெட்டில்தான் தந்தை அவள் முகத்தைப் பார்க்கிறான். படத்தில் பௌர்ணமி நிலா எதற்கு?

டொனிசெட்டியின் ‘லூச்சியா’வில் நாயகி லூச்சியா தன் மணமகனைக் கொல்வது மேடையில் நடப்பதே இல்லை, பாதிரியார் ரைமோண்டோ வந்து சொல்லித்தான் விருந்தினருக்குத் தெரிகிறது. பிறகு வரும் லூச்சியாவுக்கு நூல் தருவது வெள்ளை உடை, கலைந்த கூந்தல், பிணக்களை படிந்த முகம். உடையெங்கும் இரத்தம் பின்னாளைய தயாரிப்புகளின் விருப்பம். சிவப்பு வண்ணம் மலிவாகக் கிடைக்கிறது போலும்.

வெர்டியின் ‘ஐடா’ கடைசிக் காட்சியை வரைபவர்கள் கல்லறைக்குள் இருக்கும் காதலர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மேடை இரண்டு தளம்: கீழே இருட்டறை, மேலே பொன்னொளி வீசும் கோயில். மூடிய கல்லின்மேல் அதே காதலனை விரும்பிய இளவரசி அம்னெரிஸ் துக்க உடையில் பிரார்த்திக்கிறாள். இடம் போதாவிட்டால் தாளை நெடுக்காகத் திருப்பிக்கொள்ளுங்கள், அவளை வெட்டாதீர்கள்.