மண்டபத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் ஒரே நெட்வொர்க்

மண்டபத்தில் ஐஸ் பிளான்ட் பக்கம் சர்வர் வைக்கும் ஒரு ராக், ராமநாதபுரம் டவுன் ஆபீஸில் இன்னொன்று. நான் வேலை பார்க்கும் இறால் ஏற்றுமதிக் கம்பெனிக்கு டேட்டா சென்டர் என்றால் இவ்வளவுதான். உப்புக்காற்றில் மண்டபத்து சர்வர் அடிக்கடி துருப்பிடித்துப் படுத்துவிடும். அப்போது பில்லிங் விஎம்மை (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கம்ப்யூட்டர்), ஐபி மாறாமல், டவுனில் இருக்கும் பேக்கப்பிலிருந்து எழுப்ப வேண்டும். அதற்கு இரண்டு ஊரும் ஒரே நெட்வொர்க்காக இருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் விஎம்களை ஓட்டுவது ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள். இரண்டையும் ஒரே கிளஸ்டராக, அதாவது ஒரே சர்வர் குழுவாகச் சேர்க்க ஆசை வரும், வேண்டாம். கிளஸ்டரைக் கட்டிவைக்கும் கோரோசிங்க் 5 மில்லிசெகண்டுக்குள் பதில் கேட்கும். எங்கள் பிராட்பேண்டுக்கு மழை நாளில் அது கனவு.

முதலில் வயர்கார்டு டன்னல், இரு ஊருக்கும் நடுவே பூட்டிய விபிஎன் பாதை. அதன் மேல் ஓடி இரண்டு ஊரையும் ஒரே லேன் போலக் காட்டும் விஎக்ஸ்லேனுக்குச் சொந்தமாக என்கிரிப்ஷன் கிடையாது. அப்புறம் ப்ராக்ஸ்மாக்ஸின் எஸ்டிஎன் (மென்பொருள் நெட்வொர்க்) பகுதியில் விஎக்ஸ்லேன் ஸோன், பியர் முகவரிகளாக இரு பக்கத்து டன்னல் ஐபிகள், அந்த ஸோனில் விஎம்கள் சேரும் விநெட் என்ற மெய்நிகர் நெட்வொர்க், அதற்கு இரு பக்கமும் ஒரே டேக் எண். கடைசியில் அப்ளை.

என் மூன்று ராத்திரித் தூக்கத்தைத் தின்றது எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. பிங் போகும், எஸ்எஸ்எச் லாகின் ஆகும், பில்லிங் திரை மட்டும் பாதியில் நிற்கும். பெட்டிக்குள் பெட்டி வைத்தால் உள்ளே இருக்கும் பெட்டி சின்னதாகத்தானே இருக்க வேண்டும்? வயர்கார்டின் எம்டியூ 1420, அதில் விஎக்ஸ்லேன் 50 பைட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1370. ஸோனிலும் விஎம்முக்குள்ளும் இதையே போடுங்கள். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 1342 அளவில் பிங் செய்தால் போக வேண்டும், 1343 போகக் கூடாது. மிச்ச 28 பைட் பிங்கின் ஹெடருக்கு.

கேமரா, வைஃபை, எடை மெஷின் எல்லாம் அந்தந்த ஊரிலேயே இருக்கட்டும். பில்லிங்கும் டேட்டாபேஸும் உள்ள விநெட்டை மட்டும் நீட்டினால் போதும். ஒரே விநெட்டுக்குள் விஎம்கள் பேசிக்கொள்வது ரவுட்டர் ஃபயர்வாலின் கண்ணில் படாது. அதனால் விஎம் வாசலிலேயே காவல் வையுங்கள்: டேட்டாபேஸுக்கு பில்லிங் விஎம்மிலிருந்து அதன் போர்ட் 5432 மட்டும். டேட்டாசென்டர், விஎம், அதன் நெட்வொர்க் கார்டு மூன்றிலும் ஃபயர்வால் ஆன் ஆக வேண்டும். ஒன்று விட்டாலும் விதி சும்மா கிடக்கும். கிளஸ்டர் தனித்தனி என்பதால் விதிகளை இரு பக்கமும் எழுத வேண்டும், அலுப்புதான்.

ஃபயர்வாலை ஆன் செய்யும் முன் வயர்கார்டு போர்ட், டன்னல் ஐபியிலிருந்து 4789 (விஎக்ஸ்லேன்), உங்கள் ஐபிக்கு 8006 (ப்ராக்ஸ்மாக்ஸ் வெப் பக்கம்), 22 (எஸ்எஸ்எச்) திறந்திருக்கிறதா பாருங்கள். நான் பார்க்கவில்லை. என்னையே வெளியே பூட்டிக்கொண்டு, பஸ் பிடித்து மண்டபம் போனேன்.

லிங்க் அறுந்ததா, சர்வர் செத்ததா என்பது டவுனிலிருந்து தெரியாது. இரண்டு பில்லிங் விஎம் ஒரே ஐபியில் ஓடினால் கணக்கு நாறிவிடும். ஆகவே தானாக எழும்பும்படி வைக்கவில்லை. வாட்ச்மேனுக்குப் போன் போடுவேன்: “அண்ணே, பெட்டியில பச்சை லைட் எரியுதா?” எரியவில்லை என்றால், பவர் வயரையும் பிடுங்கச் சொல்லிவிட்டுத்தான் ஸ்டார்ட்.