இருப்பதிலேயே சின்னதாகக் கொடுங்கள்: முதல் பிஸ்டல் வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

போன சனிக்கிழமை, ஹூஸ்டனுக்கு மேற்கே நான் வழக்கமாகத் துப்பாக்கி சுடப் போகும் ரேஞ்சுக்கு ஆபீஸ் தம்பி ஒருவன் வந்திருந்தான். கோயம்புத்தூர்க்காரன், கிரீன் கார்டு கைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்தான். உள்ளே உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற மாதிரி ஒரு .380 அளவுத் தோட்டா பிஸ்டல். "அண்ணா, பேன்ட் பாக்கெட்ல போட்டா தெரியவே தெரியாதுண்ணா" என்றான். முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் பல வருஷங்களுக்கு முன்னால் இதே வசனத்தை இதே பெருமையோடு என் மனைவியிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

ஆறு தோட்டா போட்டுச் சுட்டான். மூன்றாவதில் சிக்கியது. எடுத்துவிட்டு மறுபடி சுட்டான், ஐந்தாவதில் மறுபடி சிக்கியது. இரண்டாவது மேகஸின் (தோட்டா அடுக்கும் பெட்டி) முடிவதற்குள் கையை உதறிக்கொண்டு "போதும்ணா" என்று பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ட்ரிகரில் விரலை வைத்துக்கொண்டு நடப்பது, தோட்டா இல்லை என்று நம்பி ஆள் இருக்கும் பக்கம் நீட்டுவது போன்றவற்றை முதல் வகுப்பிலேயே தலையில் குட்டிச் சொல்லிவிடுவார்கள், இங்கே அவை வராது. நல்ல படிப்பும் நல்ல சம்பளமும் உள்ள, நிதானமான ஆட்களே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் மட்டும்தான் இங்கே.

வகுப்புக்குப் போகாமல் கடைக்குப் போவது

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி, துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை எதுவும் இல்லாதவர் உரிமம் எடுக்காமலேயே கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்லலாம். சட்டம் அனுமதிக்கிறது, சரி. ஆனால் முன்பு உரிமத்துக்காகவாவது எல்லோரும் ஒரு தேர்வு எழுதினார்கள், 3, 7, 15 கஜத் தூரங்களில் மொத்தம் 50 தோட்டா சுட்டார்கள். 250க்கு 175 எடுத்தால் போதும், கஷ்டமான தேர்வு ஒன்றும் இல்லை. இருந்தாலும் தன் துப்பாக்கி தன் கையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஒருவன் வாழ்க்கையில் ஒரு முறையாவது பார்த்துவிடுவான். இப்போது அந்த ஒரு முறையும் இல்லாமல் போய்விட்டது. உரிமம் இன்றைக்கும் கிடைக்கிறது, வேறு பல மாநிலங்களில் செல்லவும் செய்கிறது, போய் எடுங்கள். 30.06 பலகை என்றால் என்ன, மது பார் வாசலில் சிவப்பில் 51% என்று ஏன் எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அந்த வகுப்பில்தான் தெரியவரும்.

விசாவை மறந்துவிடுவது

எச்1பியில் இருப்பவர்கள் வாங்குவது மட்டுமில்லை, கையில் வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, அதை வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

சட்டப்படி வாங்க முடியாத நண்பனுக்காக வாங்கிக் கொடுப்பது

ஜெயில்.

இருப்பதிலேயே சின்னதை வாங்குவது

இப்போது என் கதைக்கு வருகிறேன். பெயரும் கம்பெனியும் வேண்டாம், அந்தத் துப்பாக்கி மேல் பிழை ஒன்றும் இல்லை, அதைத் தேர்ந்தெடுத்த ஆள்தான் பிழை. காலியாக 300 கிராம்கூட இல்லை. கடையில் கையில் எடுத்ததும் "ஆஹா" என்று இருந்தது. கண்ணாடி மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் நமக்கு அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே நாம் அதைச் சுடுவதில்லை, தூக்கி மட்டும்தான் பார்க்கிறோம்.

அதே தோட்டாவைச் சுடுகிற துப்பாக்கியின் எடையைப் பாதியாக்கினால் பின்னுதையின் வேகம் இரண்டு மடங்காகும். பள்ளிக்கூடத்து இயற்பியல்தான், ஆனால் புத்தகத்தில் படித்தபோது வலிக்கவில்லை. கைப்பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம், சுண்டுவிரல் கீழே காற்றில் தொங்குகிறது. 50 தோட்டா டப்பாவில் முப்பது சுடுவதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் சிவந்துவிடும். அப்புறம் என்ன ஆகும்? ரேஞ்சுக்குப் போவதைத் தள்ளிப்போட ஆரம்பிப்போம். "அடுத்த வாரம் பார்க்கலாம்", "தோட்டா விலை கூடிவிட்டது". உண்மையில் .380 தோட்டா பெரும்பாலும் 9 மில்லிமீட்டரை விட விலை கூடுதல்தான், ஆகவே சாக்கும் தயாராக இருந்தது. அந்தப் பிஸ்டலை ஒன்றரை வருஷம் பாக்கெட்டில் சுமந்தேன், சுட்டது மொத்தம் இருநூறு தோட்டா இருக்காது.

வலியைக்கூட விடுங்கள். நம்பகம் என்ற விஷயம்தான் இங்கே முக்கியம், அதைத்தான் கடைக்காரர்கள் சொல்வதில்லை. பிஸ்டல் சுடும்போது மேல்பாகமான ஸ்லைடு பின்னால் போய்க் காலித் தோட்டாக் கூட்டை வெளியே எறிய வேண்டும், ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும்போது மேகஸினிலிருந்து அடுத்த தோட்டாவை உருவிக்கொண்டு போய்க் குழலின் பின்முனையில் இருக்கிற அறைக்குள் நுழைக்க வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். துப்பாக்கியைச் சின்னதாக்கும்போது ஸ்லைடின் எடையும் குறைகிறது, அது பின்னால் ஓடுகிற தூரமும் குறைகிறது. எடை குறைந்த ஸ்லைடு வேகமாக ஓடும், அதைப் பிடித்து நிறுத்த முறுக்கான ஸ்பிரிங் போட வேண்டும். அந்த முறுக்கான ஸ்பிரிங் ஸ்லைடை வேகமாக முன்னாலும் தள்ளும். ஆக, மேகஸினுக்குள் இருக்கும் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கி நிறுத்துவதற்குக் கிடைக்கிற நேரம் சுருங்கிவிடுகிறது. பெரிய துப்பாக்கியில் கொஞ்சம் அழுக்கோ, கொஞ்சம் வீரியம் குறைந்த தோட்டாவோ, கொஞ்சம் தளர்ந்த ஸ்பிரிங்கோ இருந்தால் சமாளித்துக்கொண்டு ஓடும். சின்னதில் இந்தக் "கொஞ்சம்" எதற்கும் இடமே இல்லை.

இதற்கு மேல் நம் மணிக்கட்டு வேறு இருக்கிறது. ஸ்லைடு முழுதாகப் பின்னால் போக வேண்டுமென்றால் கீழே இருக்கும் சட்டம் (ஃபிரேம்) அசையாமல் நிற்க வேண்டும், அதை நிறுத்திப் பிடிப்பது நம் கை. மணிக்கட்டு தளர்ந்தால் சட்டமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் ஓடும், ஸ்லைடு போக வேண்டிய தூரம் போகாது, காலிக் கூடு வெளியே விழாமல் வாயில் மாட்டிக்கொண்டு அடுப்புப் புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து நிற்கும். தம்பிக்குப் போன சனிக்கிழமை நடந்தது அதுதான். இரண்டு விரலால் பிடித்திருக்கிற, வலிக்கப்போகிறது என்று முன்கூட்டியே சுருங்குகிற கை எப்படி உறுதியாக நிற்கும்? அனுபவசாலி ஒருவர் அதே பிஸ்டலை வாங்கி ஆறையும் சுட்டார், ஒன்றும் சிக்கவில்லை. "பாத்தியா, துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. பல வருஷம் சுட்டுப் பழகிய கையில் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிற பொருளை, "ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் ஈஸி" என்று முதன்முதலாக வாங்குகிறவன் கையில் திணிக்கிறார்கள்.

கடைசியில் நான் 400 டாலருக்கு வாங்கியதை இன்னொரு கடையில் 210க்குக் கொடுத்தேன். போன பணத்தை விட, வேலை செய்யுமா செய்யாதா என்று எனக்கே தெரியாத ஒரு பொருளை ஒன்றரை வருஷம் தைரியமாகச் சுமந்து திரிந்தேனே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

அப்படியென்றால் எதை வாங்குவது? காம்பாக்ட் என்ற சொல்லுக்கு அளவுகோலாக இந்த ஊர்க்காரர்கள் காட்டுவது கிளாக் 19. 1988ல் வந்தது, 9 மில்லிமீட்டர், 15 தோட்டா, பேரல் (குழல்) சுமார் 10 சென்டிமீட்டர், காலியாக 600 கிராம் சொச்சம். அழகென்று சொல்ல மாட்டேன், செங்கல் மாதிரி இருக்கும். ஆனால் மூன்று விரலும் கைப்பிடியில் உட்காரும், புதிதாகச் சுடுகிறவர் கையிலும் ஓடும். மெலிந்த உடம்பு, சட்டைக்கு மேல் தெரிகிறது என்றால் ஒரு படி இறங்கலாம். 2018ல் சிக் சாவர் கொண்டுவந்த பி365, கிட்டத்தட்ட அரைக்கிலோ எடையில் 10 தோட்டா பிடித்தது. அதற்கு முன்னால் அந்த அளவில் ஆறு, ஏழு, எட்டுதான். அடுத்த வருஷமே கிளாக் 43எக்ஸ் வந்தது, அதிலும் பத்து, கைப்பிடி முழு நீளம். இதுவரைக்கும் இறங்கலாம், முதல் துப்பாக்கிக்கு இதற்குக் கீழே வேண்டாம். இன்னொன்று, மறைப்பது கஷ்டமாக இருப்பது பேரலின் நீளத்தால் இல்லை, அது இடுப்புக்குள் போய்விடும். சட்டையைத் தூக்கிக் காட்டிக்கொடுப்பது கைப்பிடியின் நீளம்தான். அதற்கு மருந்து ஹோல்ஸ்டரில், அதாவது உறையில் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். பெரும்பாலான ரேஞ்சுகளில் வாடகைத் துப்பாக்கி உண்டு. மூன்று மாடல், ஒவ்வொன்றிலும் 50 தோட்டா. 190 டாலர் நஷ்டத்தை விட மலிவுதான்.

மனைவிக்கு நாமே தேர்ந்தெடுப்பது

அவரையே அழைத்துப் போங்கள். "பெண்கள் கைக்குச் சின்ன ரிவால்வர்" என்று எவனாவது ஆரம்பித்தால் வெளியே வந்துவிடுங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 மாதிரி ஐந்து தோட்டா ரிவால்வர் 400 கிராம் சொச்சம்தான், ஆனால் அதன் ட்ரிகரை இழுக்கச் சுமார் 12 பவுண்டு விசை வேண்டும், உதையும் கழுதை உதை. ஸ்லைடை இழுக்கப் பலம் போதவில்லை என்பதுதான் பிரச்சினை என்றால், அதற்காகவே எளிதாக இழுக்க வருகிற ஸ்லைடோடு 2018ல் வந்த அதே கம்பெனியின் ஷீல்டு ஈஸி பிஸ்டல் இருக்கிறது, வயதான என் மாமியார்கூட இழுத்துவிட்டார்.

ஹோல்ஸ்டரில் மிச்சம் பிடிப்பது

600 டாலர் துப்பாக்கிக்கு 15 டாலர் துணி உறை. எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்தால் எதற்கும் பொருந்தாது என்று அர்த்தம். உறை ட்ரிகரை முழுதாக மூட வேண்டும், வெளியிலிருந்து அழுத்தினாலும் விரல் உள்ளே புகக்கூடாது. துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் திறந்தே இருக்க வேண்டும். தோல் உறை பழசாகித் தொய்ந்தால் அதன் மடிப்பே உள்ளே போய் ட்ரிகரை அழுத்தும், தொடையில் குண்டு வாங்கியவர்கள் உண்டு. கைடெக்ஸ் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் உங்கள் மாடலுக்கென்றே வார்த்தது வாங்குங்கள். உறைக்குள் திருப்பி வைக்கும்போது அவசரமே வேண்டாம், சட்டை நுனியோ ஜாக்கெட் கயிறோ கூடவே உள்ளே போகிறதா என்று குனிந்து பாருங்கள். உறையே இல்லாமல் சாவிக்கொத்தோடு சேர்த்துப் பாக்கெட்டில் போடுகிறவர்களிடம் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

பயிற்சித் தோட்டாவில் சோதித்துவிட்டு வேறு தோட்டாவைச் சுமப்பது

பயிற்சித் தோட்டாவின் முனை உருண்டை, வழுக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடும். தற்காப்புக்கு வைப்பது வாய் திறந்த ஹாலோ பாயின்ட், அந்த விளிம்பு சில துப்பாக்கிகளில் ஏறும் இடத்தில் தட்டி நிற்கும். நான் வைத்திருக்கிற கணக்கு: பயிற்சித் தோட்டா 200, அப்புறம் நிஜமாகச் சுமக்கப்போகிற அதே டப்பா தோட்டா 50, துப்பாக்கியின் தவறால் ஒன்றுகூடச் சிக்கக்கூடாது. மேகஸின்களின் அடியில் 1, 2, 3 என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள், சிக்குவது எப்போதும் இரண்டாம் நம்பரில்தான் என்றால் குற்றவாளி துப்பாக்கி இல்லை.

தினமும் ராத்திரி இறக்கிக் காலையில் ஏற்றுகிறவர்கள் அதே மேல் தோட்டாவையே திரும்பத் திரும்ப அறைக்குள் தள்ளாதீர்கள். இடிபட்டு இடிபட்டு முனையில் இருக்கிற ஈயக் குண்டு கூட்டுக்குள் இறங்கிவிடும், சுடும்போது உள்ளே அழுத்தம் எகிறும். புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் குட்டையாகியிருப்பது கண்ணுக்கே தெரியும்.

ஒழுங்காக ஓடுவதைப் பிரித்து "மேம்படுத்துவது"

செய்யாதீர்கள்.

வீட்டில் குழந்தை இருந்தும் பெட்டகத்தைத் தள்ளிப்போடுவது

தோட்டா போட்ட துப்பாக்கி கவனக்குறைவால் 17 வயதுக்குக் கீழ் உள்ளவர் கைக்குக் கிடைத்தால் டெக்சாஸில் பெரியவர் மேல் வழக்கு வரும். சட்டம் கிடக்கட்டும். பெட்டகம் வீட்டுக்கு வந்து பூட்டிய பிறகுதான் துப்பாக்கி வீட்டுக்குள் வர வேண்டும். அலமாரி மேல்தட்டு பெட்டகம் இல்லை, ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாற்காலி இழுக்கத் தெரியும்.

தம்பி இந்தச் சனிக்கிழமையும் வந்தான். வாடகைக்கு ஒரு கிளாக் 19 எடுத்துக் கொடுத்தேன், இரண்டு டப்பா சுட்டான், ஒன்றும் சிக்கவில்லை, கையையும் உதறவில்லை. என்னுடைய பழைய ஹோல்ஸ்டரில் ரேஞ்சின் நீல ரப்பர்த் துப்பாக்கியை வைத்து இடுப்பில் மாட்டிப் பார்க்கச் சொன்னேன். ஆபீஸுக்குப் போட்டு வருகிற மெல்லிசு பெல்ட், எடை ஏறியதும் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கைப்பிடி விலாவை விட்டு நாலு விரற்கடை தள்ளி நின்றது. "இது தெரியுதேண்ணா" என்றான். முதலில் உள்ளே கெட்டிப்பட்டை வைத்த பெல்ட் ஒன்று வாங்கு, அதைப் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் வா என்று அனுப்பினேன். பழைய பிஸ்டலுக்கு அவனுக்குக் கடையில் 220 தருகிறார்களாம். என்னை விடப் பத்து டாலர் கூடுதல்.