பழைய கேஸ் இருந்தால் தத்தெடுக்க முடியுமா? நாங்கள் போன வழி

2006இல் ஊர் மாரியம்மன் திருவிழாவில் ஒருவரை வழிமறித்து அடித்தேன். குடித்திருந்தேன். எஃப்ஐஆர் ஆனது, கோர்ட்டுக்குப் போனது, முடிந்தது. 2023இல் நானும் மனைவியும் தத்தெடுக்கப் பதிவு செய்ய உட்கார்ந்தபோது, பதினேழு வருஷத்துக்கு முந்தைய அந்த இரவு வந்து முன்னால் நின்றது. இணையத்தில் தேடினால் பாதிப்பேர் 'கேஸ் இருந்தாலே கிடைக்காது' என்கிறார்கள், மீதிப்பேர் 'அதெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்' என்கிறார்கள். இரண்டுமே தப்பு. நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை.

மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் தளத்தில் பதிவு செய்வது, வயது வரம்பு, எந்த ஆவணம் எங்கே ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் தளத்திலேயே தெளிவாக இருக்கிறது, அதற்குள் போகவில்லை. ஒன்று மட்டும்: பதிவு செய்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆவணங்களை ஏற்றியாக வேண்டும். அதனால் கீழே சொல்லும் வேலைகளை முடித்துவிட்டுப் பதிவு பட்டனை அழுத்துங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்து தூக்கம் கெட்டோம்.

படி 1: விதி என்ன கேட்கிறது என்று பாருங்கள்

2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறை விதிகளில் 5ஆவது விதி. உடல், மனம், உணர்வு, பணம் நான்கிலும் குழந்தை வளர்க்கும் திறன் இருக்க வேண்டும், உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கக்கூடாது. அடுத்து வருவதுதான் நமக்கு வேண்டிய வரி: எந்தக் குற்றச் செயலுக்காகவும் தண்டிக்கப்பட்டவராக இருக்கக்கூடாது, குழந்தை உரிமை மீறல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராகவும் இருக்கக்கூடாது.

இரண்டு சொல் வித்தியாசத்தைக் கவனியுங்கள். பொதுவான குற்றத்துக்குத் 'தண்டனை', குழந்தைகள் சம்பந்தப்பட்டதற்குக் 'குற்றச்சாட்டு'. போக்சோ வழக்கில் பெயர் இருந்தால், தீர்ப்பு வராவிட்டாலும் கதவு மூடித்தான் இருக்கும். அது சரிதான் என்பது என் எண்ணம். அடிதடி வழக்கில் பெயர் இருந்தது என்பதற்காக மட்டும் மூடாது, அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பதுதான் கேள்வி.

படி 2: கேஸ் எப்படி முடிந்தது என்பதைக் காகிதத்தில் பிடியுங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இது.

'ஃபைன் கட்டிவிட்டு வந்துவிட்டேன்' என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஃபைன்தானே, தண்டனை இல்லையே என்று நினைத்தேன். தெரிந்த வக்கீல் அண்ணன் சிரித்துவிட்டார். "தம்பி, குற்றத்தை ஒத்துக்கிட்டு அபராதம் கட்டினா அதுவும் தண்டனைதான். ஜெயிலுக்குப் போனாத்தான் தண்டனைன்னு நினைச்சியா?" குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டி, கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டிய நண்பர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

அன்று ராத்திரி மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில், "உனக்கு நினைவிருக்கிறது வேற, எழுதியிருக்கிறது வேறயா இருக்கலாம். போய்ப் பாரு" என்றாள்.

முதலில் கோர்ட் வழக்குகளின் விவரம் பார்க்கும் ஈகோர்ட்ஸ் செயலியில் தேடினேன். தேடும்போது 'முடிந்த வழக்குகள்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் நடப்பில் இருப்பது மட்டும்தான் வரும். பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் போட்டுப் பாருங்கள், இனிஷியலை முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. எனக்கு எதுவும் வரவில்லை. பழைய கேஸ்கள் பல ஏற்றப்படவில்லை. 'தளத்தில் இல்லை, அதனால் கேஸே இல்லை' என்று அங்கேயே நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து நேரில். போலீஸ் ஸ்டேஷனில் குற்ற எண்ணும் வருஷமும் கேட்டு வாங்கினேன், அதை வைத்துக் கோர்ட்டில் சி.சி. எண் (கோர்ட் அந்த வழக்குக்குக் கொடுத்த எண்) பிடித்தேன், அதை வைத்துத் தீர்ப்பின் நகல் கேட்டு மனு போட்டேன். நகல் பிரிவுக்கு ஐந்து வாரத்தில் நான்கு தடவை அலைந்தேன். கிடைத்தது ஒரே ஒரு தாள். பழைய டைப் எழுத்து, ஓரத்தில் பூச்சி அரித்த தடம். 341, 323 பிரிவுகள் (வழிமறித்தது, அடித்தது), அடிபட்டவர் சமரசத்துக்கு ஒத்துக்கொண்டார், 320(8)ன்படி எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட நான், விடுதலை. நான் கட்டியதாக நினைத்த ஃபைன், அடிபட்டவருக்கு அப்பா கொடுத்த ஆஸ்பத்திரிச் செலவு!

2024 வரை இருந்த குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் அந்த 320(8) சொன்னது இதுதான்: சமரசம் ஆன வழக்கு, விடுதலை ஆன வழக்குக்குச் சமம். கோர்ட் படிக்கட்டிலேயே உட்கார்ந்து மனைவிக்கு போன் போட்டேன்.

எல்லோருக்கும் இப்படி முடியாது. வக்கீலிடம் கேட்க வேண்டிய இன்னும் இரண்டைச் சொல்கிறேன். 18 வயதுக்குள் நடந்ததாக இருந்தால், 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆவது பிரிவு அந்தத் தீர்ப்பால் தகுதியிழப்பு வராது என்கிறது (16 தாண்டி, பெரியவராக விசாரிக்கப்பட்ட கொடுங்குற்றங்கள் தவிர). தண்டனைக்குப் பதிலாக எச்சரித்தோ நன்னடத்தைப் பேரிலோ விட்டிருந்தால், 1958 குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆவது பிரிவைக் காட்டிக் கேளுங்கள். தண்டனை இருக்கிறது, இந்த இரண்டிலும் அடங்கவில்லை என்றால் நான் பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டேன்.

படி 3: மருத்துவச் சான்று

நாள்பட்ட நோய், தொற்று நோய், உயிர்க்கொல்லி நோய் இல்லை, தத்தெடுக்கத் தகுதி உண்டு என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். நான் 2016இல் குடியை விட்டவன். தெரியாத டாக்டரிடம் ஐந்து நிமிஷத்தில் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள் சிலர். வேண்டாம். எனக்குச் சிகிச்சை கொடுத்த மனநல மருத்துவரிடமே தனியாக ஒரு கடிதம் வாங்கினேன்: எப்போது வந்தார், எப்போது நிறுத்தினார், இப்போது எப்படி இருக்கிறார். நாலு வரிதான், ஆனால் பின்னால் அதுதான் பேசியது.

ஸ்கேன் செய்ய போன் செயலி வேண்டாம், நிழல் விழுகிறது, முத்திரை தெரிவதில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் பத்து ரூபாய்க்குச் சுத்தமாக எடுத்துத் தருகிறார்கள்.

படி 4: வீட்டு ஆய்வு

சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து எழுதும் அறிக்கைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டாம், புது சோபாவும் வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு வந்த மேடம் காபியை வாங்கி வைத்தார், பையைத் திறப்பதற்குள் நானே நகலை எடுத்து மேஜையில் வைத்தேன். "மேடம், முதல்ல இதைப் பார்த்துடுங்க." படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமை. "சார் கொஞ்சம் மாடிக்குப் போயிட்டு வர்றீங்களா?" என்றார்.

மாடியில் நாற்பது நிமிஷம். துணி காயும் கொடிக்குக் கீழே நின்றேன். கீழே மனைவியிடம் அவர் கேட்டது கேஸைப் பற்றியே இல்லையாம். கடைசியாக எப்போது குடித்தார், கோபம் வந்தால் என்ன செய்வார், உங்கள் மேல் கை ஓங்கியிருக்கிறாரா, அவர் திரும்பக் குடித்தால் குழந்தையோடு எங்கே போவீர்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு மனைவியிடம் பதில் இருந்தது, அண்ணன் வீடு. அப்படி ஒரு பதில் அவளிடம் தயாராக இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும்.

தம்பதியாக இரண்டு பேரும் ஒரே கதையை மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள், தனித்தனியாகத்தான் கேட்பார்கள். தகுதியில்லை என்று எழுதினால் காரணத்தைப் பதிவு செய்து உங்களுக்குச் சொல்ல வேண்டும், காராவிடம் மேல்முறையீடும் செய்யலாம். எங்களுக்கு அந்த அவசியம் வரவில்லை.

சேர்த்தது 1: மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டதை மறைக்கலாமா என்று ஒரு சகோதரி கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார். மறைக்காதீர்கள்மா. மாத்திரை சாப்பிட்டவருக்குத் தத்தெடுப்பு இல்லை என்று விதியில் எங்கும் இல்லை. படி 3இல் சொன்ன மாதிரி ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்.

சேர்த்தது 2: 'இந்த அலைச்சல் எதற்கு, ஆஸ்பத்திரியில் நேராகவே குழந்தை வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர்' என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது குழந்தை விற்பனை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 81ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். இல்லாத கேஸை நீங்களே உண்டாக்கிக்கொள்வீர்கள்.

சேர்த்தது 3: எங்கள் நிலவரம் கேட்டவர்களுக்கு: இன்னும் வரிசையில்தான் இருக்கிறோம். வீட்டு ஆய்வு அறிக்கை மூன்று வருஷம்தான் செல்லும், அதற்குள் குழந்தை வராவிட்டால் புதுப்பிக்க வேண்டும். புதிதாக ஒருவர் வரலாம், மறுபடி மாடிக்குப் போகச் சொல்லலாம். அந்த ஒற்றைத் தாளை இப்போதே லேமினேட் செய்யலாமா என்று கேட்டேன். "செய்யாதே, முத்திரையைத் தடவிப் பார்ப்பாங்க" என்றார் வக்கீல் அண்ணன். பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃபைலின் முதல் தாளாக வைத்திருக்கிறேன்.