ஷேர்பாயிண்டில் டாக்குமெண்ட் செட்: ஆக்டிவேட் செய்வது பாதி வேலைதான்

மண்ணடி, தம்பு செட்டித் தெரு பக்கம் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஒரு ஷிப்மெண்ட் என்றால் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், பில் ஆஃப் என்ட்ரி எல்லாம் சேர்ந்தேதான் நகரும். வெறும் ஃபோல்டரில் போட்டால் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஜாப் நம்பரை (அந்த ஷிப்மெண்டுக்கு ஆபீஸ் கொடுக்கும் எண்) தனித்தனியாக அடிக்க வேண்டும், ஒன்றில் விட்டுப்போனாலும் தேடும்போது அது சிக்காது. இதற்காகவே, ஆபீஸ் ஃபைல்களைச் சேமித்துப் பகிரும் மைக்ரோசாஃப்ட்டின் ஷேர்பாயிண்டில், சேர்ந்த ஃபைல்களை ஒரே கட்டாக வைக்கும் டாக்குமெண்ட் செட் என்ற ஃபீச்சர் இருக்கிறது. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

கியர் ஐகான், சைட் இன்ஃபர்மேஷன், வியூ ஆல் சைட் செட்டிங்ஸ் என்று போய், ‘சைட் கலெக்‌ஷன் ஃபீச்சர்ஸ்’ லிங்க்கைத் திறந்து, டாக்குமெண்ட் செட்ஸ் எதிரே ஆக்டிவேட் அழுத்துங்கள். லிங்க்கே தெரியவில்லையா? நீங்கள் வெறும் சைட் ஓனர், சைட் கலெக்‌ஷன் அட்மின் (மொத்த சைட் தொகுப்பின் நிர்வாகி) உரிமை வேண்டும். பக்கத்தில் ‘மேனேஜ் சைட் ஃபீச்சர்ஸ்’ என்று இன்னொன்று இருக்கும், அது அந்த ஒரு சைட்டுக்கானது, அதில் தேடினால் இது கிடைக்காது.

பலரும் இங்கேயே நிறுத்திவிட்டு “ஒன்றும் மாறவில்லையே” என்கிறார்கள். இனி ஃபைல்கள் இருக்கும் லைப்ரரியின் செட்டிங்ஸ் போங்கள். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் கன்டென்ட் டைப் (லைப்ரரியில் வைக்கும் பொருளின் வகை) நிர்வாகத்துக்கு ‘யெஸ்’ கொடுத்து, இருக்கும் கன்டென்ட் டைப்புகளிலிருந்து டாக்குமெண்ட் செட்டைச் சேர்த்தால்தான் ‘நியூ’ மெனுவில் வரும். அப்புறம் ஜாப் நம்பருக்கான காலத்தை (column) உருவாக்கும்போது எல்லா கன்டென்ட் டைப்புக்கும் சேர்க்கும் டிக்கை எடுத்துவிடாதீர்கள். கடைசியாக டாக்குமெண்ட் செட் செட்டிங்ஸில் ‘ஷேர்டு காலம்ஸ்’ கீழே அதை டிக் செய்யுங்கள். செட்டில் ஒரு தடவை நம்பர் அடித்தால் உள்ளே இருக்கும் நாலு ஃபைலுக்கும் அதுவே போய்ச் சேரும்.

முதலில் திறந்த அந்த ஃபீச்சர்ஸ் பட்டியலில் இருக்கிறதே என்று மற்றதையும் ஆக்டிவேட் செய்யாதீர்கள். முன்பு இருந்த ஆபீஸில் ஃபைல்களைக் கம்ப்யூட்டர் அப்ளிகேஷனிலேயே திறக்கவைக்கும் ஃபீச்சரை ஒரு சாயங்காலம் நான் ஆக்டிவேட் செய்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் காலை எக்செல் இல்லாத கம்ப்யூட்டர்களில் பேக்கிங் லிஸ்ட் திறக்கவில்லை, ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸில் நின்றிருந்த பையன் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். டீஆக்டிவேட் செய்ததும் சரியானது, ஆனால் அவனுக்கு அந்தக் காலைப்பொழுது போனது போனதுதான். அதிலிருந்து எதையும் முதலில் ஒரு டெஸ்ட் சைட்டில், ஒவ்வொன்றாகத்தான் போட்டுப் பார்க்கிறேன்.

பழைய ஃபோல்டர்கள் தானாக செட்டாக மாறாது. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக வரும் ஷிப்மெண்டிலிருந்து ஆரம்பியுங்கள்.