ரெசிப்ரோ சா வாயில் எதையெல்லாம் மாட்டலாம்?

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய ஃபிளாட். பாத்ரூமுக்குப் பின்னால் இருக்கும் பைப் டக்டில் ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நிற்க முடியும். அதற்குள் நாலு இஞ்ச் சிஐ பைப், அதாவது வார்ப்பிரும்புப் பைப், விரிசல் விட்டு, கீழ்வீட்டுச் சுவரெல்லாம் ஈரம். கட்டிங் மிஷினை உள்ளே நுழைத்தால் சக்கரம் பைப்பின் முன்பக்கத்தை மட்டும்தான் தொடும். சுத்தியால் உடைக்கலாம், ஆனால் துண்டு உள்ளே விழுந்து மூன்று மாடி லைனையும் அடைத்துவிடும். சரி, பிளேடை முன்னும் பின்னும் ஓட்டி அறுக்கும் ரெசிப்ரோ சாதான் வழி என்று, இஞ்சுக்கு 14 பல் உள்ள இரும்பு அறுக்கும் பிளேடை மாட்டி அழுத்தினேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. கூட இருந்த பையன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, பிளேடு பொக்கை வாய் ஆயிடுச்சு" என்றான். பைப்பில் நகம் கீறியது போல ஒரு கோடு, அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போய் கார்பைடு கிரிட் பிளேடு இரண்டு வாங்கி வந்தேன். அதில் பல்லே கிடையாது. பல் இருக்க வேண்டிய விளிம்பில் கார்பைடு பொடியை ஒட்ட வைத்திருப்பார்கள். தடவினால் முரட்டு உப்புத்தாள் மாதிரி இருக்கும். விலை, சாதா பிளேடு நாலைந்து வாங்கும் காசு. அந்த டக்டில் மேலும் கீழுமாக ஆறு வெட்டு வெட்டினேன், ஒரே பிளேடு. இன்னொன்று பிரிக்காமலே அடுத்த சைட்டுக்குப் போனது.

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான். இந்த மிஷின் தானாக ஒன்றும் செய்யாது. என்னிடம் இருப்பது 1,010 வாட் மக்கிட்டா. வாயில் மாட்டியதை 28 மி.மீ. முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும், நிமிஷத்துக்கு 2,800 தடவை வரைக்கும். என்ன வேலை என்பதை மாட்டும் சாமான்தான் முடிவு செய்கிறது. பிளேடின் வால் பகுதி எல்லா முக்கியக் கம்பெனிக்கும் ஒரே அளவு என்பதால் எந்த பிளேடையும் எந்த மிஷினிலும் மாட்டலாம். அமெரிக்காவில் மில்வாக்கி கம்பெனி 1951இல் 'சாசால்' என்ற பெயரில் இதை விட்டது. நாம் எந்தத் தண்ணீர் டேங்கையும் சின்டெக்ஸ் என்பது போல, அங்கே எந்தக் கம்பெனி மிஷினுக்கும் அந்தப் பெயர்தான்.

முதலில் பல் கணக்கு. இஞ்சுக்கு எத்தனை பல் என்று பிளேடிலேயே அடித்திருக்கும். அறுக்கிற பொருளின் கனத்துக்குள் மூன்று பல்லாவது உட்கார வேண்டும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பின் சுவர் 3 மி.மீ. சொச்சம். 24 பல் போட்டால் மூன்று உட்காரும், 18 போட்டால் இரண்டு சொச்சம், அதுவும் ஓடும். மரம் அறுக்கும் 6 பல்லைப் போட்டால் பைப் விளிம்பு இரண்டு பல்லுக்கு நடுவில் சிக்கி மிஷின் கையை உதறும். போஷ் பிளேடு வாங்குகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி: எஸ் 922 என்றால் 6 இஞ்ச், எஸ் 1122 என்றால் 9 இஞ்ச், எஸ் 1222 என்றால் 12 இஞ்ச். 922 வரிசையில் பின்னால் வரும் எழுத்து பல் கணக்கு: ஏஎஃப் 24, ஈஎஃப் 18, பிஎஃப் 14, எச்எஃப் 10. கடைக்காரர் எதையாவது எடுத்து நீட்டினால் இதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

பை-மெட்டல் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். பல் மட்டும் ஹை ஸ்பீடு ஸ்டீல், முதுகு வளையும் ஸ்டீல், இரண்டையும் பற்ற வைத்திருப்பார்கள். முழுக்கக் கடின ஸ்டீலில் வரும் மலிவு பிளேடு வளைந்தால் ஒடியும். இந்த வளைவு எங்கே உதவும் என்பதைப் பழைய கதவு நிலையைக் கழற்றும்போதுதான் பார்க்க வேண்டும்.

பழைய வீட்டில் தேக்கு நிலையை உடையாமல் எடுத்துத் தரச் சொல்வார்கள். நிலையின் முதுகில் பக்கத்துக்கு மூன்று ஹோல்டுஃபாஸ்ட், அதாவது நிலையைச் சுவரோடு பிடித்து வைக்கும் இரும்புப் பட்டை, சுவருக்குள் கான்கிரீட்டில் புதைந்து கிடக்கும். கடப்பாரை போட்டு நெம்பினால் சுவரும் வரும், நிலையும் பிளக்கும். நான் செய்வது: நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் பூச்சை உளியால் ஒரு விரல் அகலத்துக்குக் கொத்தி எடுத்துவிடுவேன். அப்புறம் 12 இஞ்ச் மெல்லிய பிளேடை, நிலையின் முதுகை ஒட்டி வளைத்து உள்ளே விட்டு, மேலிருந்து கீழே மெதுவாக இறக்குவேன். காது வேலை செய்ய வேண்டும். காலியில் ஓடும்போது ஒரு ரீங்காரம். பட்டையில் பட்டதும் குரல் கட்டிப்போய்க் கிர்ரென்று மாறும். அங்கே வேகத்தைப் பாதியாகக் குறைத்து அழுத்த வேண்டும். குரல் மறுபடி லேசானால் ஒரு பட்டை போச்சு என்று அர்த்தம். ஆறும் போனபின் இரண்டு பேர் பிடித்தால் நிலை முழுசாக வரும். இதற்கு 'டெமாலிஷன்' என்று விற்கும் தடித்த பிளேடு உதவாது, அது வளையாது. ஆணியோடு சேர்த்து ரீப்பர், பழைய சட்டம் எல்லாம் அறுக்க அது ராஜா. இரண்டும் வேறு வேறு சாமான்.

பிளேடுக்கு அடுத்து நான் காசு போடச் சொல்வது பைப் கிளாம்புக்கு. பலர் இதைப் பார்த்ததே இல்லை. ஒரு சங்கிலியோ பட்டையோ பைப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மிஷினின் மூக்கு அதன் மேல் ஒரு அச்சில் உட்காரும். அப்புறம் மிஷினின் பின்பக்கத்தைக் கிணற்று ஏற்றம் மாதிரி அமுக்கினால் போதும். நம் கைபலம் பல மடங்காகப் பிளேடில் இறங்கும், வெட்டும் நேராக விழும். ஒரு நாள் முழுக்க 2, 3 இஞ்ச் ஜிஐ பைப் அறுக்கிறவர் இது இல்லாமல் சாயந்திரம் டீ டம்ளரைப் பிடித்துப் பார்க்கட்டும், கை நடுங்கும். நேர் வெட்டு விழுந்தால் திரெட் போடும் டையும் கோணாமல் ஏறும். ஒன்று, உங்கள் மிஷினின் ஷூவுக்குப் பொருந்துமா என்று மிஷினையே கடைக்கு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். பிளேடு மாதிரி இது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது இல்லை.

ஷூ என்றதும் ஞாபகம் வருகிறது. மூக்கில் இருக்கும் அந்த இரும்புத் தட்டை யாரும் மதிப்பதில்லை. அது பொருளில் அழுந்தி இருந்தால்தான் பிளேடு அறுக்கும். இல்லாவிட்டால் பிளேடு நிற்கும், நீங்கள் ஆடுவீர்கள். மாம்பலம் டக்டிலேயே, 9 இஞ்ச் கிரிட் பிளேடின் முனை பைப்பைத் தாண்டி பின்சுவரில் டக் டக்கென்று இடித்தது. இரண்டு இடி இடித்தால் பிளேடு வளையும், மூன்றாவது இடியில் மிஷின் நெஞ்சுக்கு வரும். ஷூவை லூஸ் செய்து ஒரு இஞ்ச் முன்னால் தள்ளி இறுக்கினேன். பிளேடின் நீட்டம் அந்த அளவு குறைந்தது. மீதிக்குச் சுவர்ப்பூச்சில் கொஞ்சம் கொத்திவிட்டேன். ஷூவை நகர்த்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. பிளேடின் அடிப்பல் தேய்ந்த இடத்தை விட்டு, தேயாத பல் வேலைக்கு வரும்.

சிஐ பைப் அறுக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆறடிப் பைப் ஒன்று இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். வெட்டும் இடத்துக்கு மேலே இருப்பது எதில் நிற்கிறது என்று பார்க்காமல் பிளேடை வைக்காதீர்கள். நான் மேலே ஒரு கிளாம்ப், ஒரு கயிறு, இரண்டும் போட்டுவிட்டுத்தான் தொடுவேன். ஆர்பிட்டல் பட்டனை அணைத்துவிடுங்கள். அது பிளேடை லேசாக வட்டமடிக்க வைப்பது, மரத்துக்கு மட்டும். இரும்பில் போட்டால் பல் போகும்.

மரம் வெட்ட இஞ்சுக்கு 5 பல் மாதிரி வரும் நீள ப்ரூனிங் பிளேடு ஒன்று வைத்திருக்கிறேன். 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அடித்த மறுநாள் எங்கள் தெருவில் வாசல் திறக்க முடியாத வீடுகள் இருந்தன. கரண்டும் இல்லை. பேட்டரி மிஷின் வைத்திருந்த நண்பர் ஒருவரிடம் வாங்கி, என் பிளேடை மாட்டி, முருங்கை, வேப்பங்கிளையெல்லாம் அறுத்து வழிவிட்டோம். பச்சை மரத்தில் சின்னப் பல் போட்டால் ஈரத் தூள் அடைத்துக்கொண்டு பிளேடு புகையும். பெரிய பல், ஆர்பிட்டல் போட்டு, கிளையின் அடியில் முதலில் கொஞ்சம் அறுத்துவிட்டு மேலிருந்து முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளை பட்டையை உரித்துக்கொண்டு தொங்கும்.

அதே பெரிய பல் பிளேடுக்கு இன்னொரு வேலை, பழைய சின்டெக்ஸ் டேங்க். மொட்டை மாடியிலிருந்து ஆயிரம் லிட்டர் டேங்கை முழுசாக இறக்க மாடிப்படி விடாது. நாலு துண்டாக அறுத்து இறக்கலாம். வேகத்தைக் கண்டிப்பாகக் குறையுங்கள். முழு வேகத்தில் விட்டால் பிளாஸ்டிக் உருகி, பிளேடு போன பாதையிலேயே மறுபடி ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை இரண்டடி அறுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் டேங்க் அப்படியே இருந்தது. வீட்டுக்கார அம்மா, "என்னப்பா, அறுக்கிறியா ஒட்டறியா?" என்று கேட்டார்.

இனி அறுக்காத சாமான்கள். அரம் மாதிரி வரும் ராஸ்ப் எனக்குப் பிடித்தது. மழையில் ஊதிப்போன கதவின் அடியைக் கழற்றாமலே கொஞ்சம் ராவலாம், கிச்சன் பலகையில் பைப்புக்குப் போட்ட ஓட்டை அரை விரல் சின்னதாகிவிட்டால் அகட்டலாம். கம்பி பிரஷ் கேட் மூலைகளில் துரு சுரண்ட நல்லது. சுற்றும் பிரஷ் போகாத இடுக்கில் இது முன்னும் பின்னும் போகும். குறைந்த வேகம், கட்டாயம் கண்ணாடி. கம்பி தெறிக்கும். பல் இல்லாத கத்தி பிளேடு ரப்பர், தெர்மாகோல், பழைய மெத்தைக்கு.

டைல்ஸ் நடுவே இடுக்கை அடைத்திருக்கும் கிரௌட்டைச் சுரண்டும் பிளேடும் வருகிறது. நான் ஒரு தடவை வாங்கி, ஒரு பாத்ரூமில் போட்டு, பக்கத்து டைல் இரண்டில் மயிரிழை விரிசல் வந்ததும் எடுத்து வைத்துவிட்டேன். இந்த மிஷினின் அதிர்வு டைலுக்கு ஆகாது. அந்த வேலைக்குக் கையால் சுரண்டும் கருவியோ, சின்னதாக அதிரும் மல்டி டூலோதான் சரி. தரையோடு ஒட்டி அறுக்க ஆஃப்செட் அடாப்டர் என்று ஒன்று விற்கிறார்கள். அதற்கும் முன் பிளேடைத் தலைகீழாக, பல் மேலே பார்க்க மாட்டிப் பாருங்கள். பெரும்பாலான மிஷின்களில் மாட்ட முடியும். மிஷினைக் கவிழ்த்துப் பிடித்து, வளையும் பிளேடைத் தரையோடு படுக்க வைத்தால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். முப்பது பீஸ் செட் டப்பாவும் வேண்டாம். அதில் உங்களுக்கு வேண்டியது மூன்று இருக்கும், மீதி துருப்பிடிக்கும்.

எதை மாட்டினாலும் ஆஸ்பெஸ்டாஸ் சீட்டை மட்டும் இதால் அறுக்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஆணியை, போல்ட்டைக் கழற்றி முழுச் சீட்டாக இறக்குங்கள். சுவருக்குள் பிளேடை விடும் முன் அந்த லைனின் கரண்டைத் துண்டிக்கும் எம்சிபி ஸ்விட்சை இறக்கிவிட்டு, மிஷினுக்குப் பக்கத்து வீட்டிலிருந்தோ வேறு லைனிலிருந்தோ கரண்ட் எடுங்கள். பழைய வீட்டில் ஒயர் எந்தப் பக்கம் போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு நிமிஷம் ஆற விடுங்கள். இரும்பு அறுத்த பிளேடு தோலை எடுக்கும். பல் நீலம் பூத்திருந்தால் வேகம் அதிகம் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். அந்த பிளேடு இனி இரும்புக்கு ஆகாது. முனைப்பல் மட்டும் தேய்ந்திருந்தால் நான் தகடு வெட்டும் கத்திரியால் முனையைச் சாய்வாக வெட்டிவிடுவேன். சின்ன பிளேடாகிவிடும், கூர்முனையோடு பலகையில் குத்தி இறக்கவும் வாகாக இருக்கும்.

இதையெல்லாம் எதில் போட்டு வைப்பது? இரண்டு இஞ்ச் பிவிசி பைப் ஒன்றரை அடி, இரண்டு முனைக்கும் எண்ட் கேப். ஒன்றைச் சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்டு, இன்னொன்றைச் சும்மா சொருகிக்கொள்ளுங்கள். என்னிடம் மூன்று இருக்கிறது. மார்க்கரில் 'மரம்', 'இரும்பு', 'சிஐ' என்று எழுதியிருக்கிறேன். பையன் 'சிஐ'க்குப் பக்கத்தில் சின்னதாகப் 'பொக்கை' என்று எழுதி வைத்திருக்கிறான்.