கோடையில் கடற்கரைச் சரணாலயம் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடையில் கடற்கரைச் சரணாலயத்துக்குச் செல்பவர்கள் செய்யும் பெரிய தவறு, கண்ணெதிரே விரிந்து கிடக்கும் மணல்வெளியை வெறும் மணல் என்று எண்ணிவிடுவதே. உப்புக்கொத்திகள், சின்ன ஆலாக்கள் ஆகிய கடலோரப் பறவைகள் குச்சி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. அலை வழக்கமாக எட்டாத மேட்டு மணலில், உள்ளங்கைக்குள் அடங்கும் குழியைப் பறித்து, அதில் இரண்டு அல்லது மூன்று முட்டைகளை இடுகின்றன. மணல் நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும் அம்முட்டைகள், இரண்டடி தொலைவில் நின்று பார்த்தாலும் கூழாங்கற்களாகவே தோன்றும். ஆகவே வேலியோ அறிவிப்புப் பலகையோ இல்லையென்றாலும் மேட்டு மணலில் கால் வைக்கக் கூடாது. நடைபாதை இல்லாத இடங்களில் அலை நனைத்துச் சென்ற ஈர மணலை ஒட்டியே நடக்க வேண்டும்.

நம்மைக் கண்டு கூட்டைவிட்டு எழுந்து பறந்த பறவை சற்று நேரத்தில் திரும்பிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. சுடுமணலில் அடைகாத்தல் என்பது முட்டைக்குச் சூடேற்றுவது மட்டுமன்று, வெயிலை மறைப்பதும்தான். கெண்டிஷ் உப்புக்கொத்தி நீர் விளிம்புக்கு ஓடி, வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைகளின் மீது அமர்வதைத் தொலைநோக்கி வழியே பார்த்தவர்கள், அப்பறவையை மீண்டும் விரட்ட மனம் கொள்ள மாட்டார்கள். உச்சி வெயிலில் அது சிறிது நேரம் விலகி நின்றாலே முட்டைக்குள் இருக்கும் கரு மடியக்கூடும். காகங்களும் கடற்காகங்களும் அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கின்றன.

எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதற்கு எல்லாப் பறவைகளுக்கும் பொருந்தும் அளவு எதுவும் இல்லை. இரை தேடிக்கொண்டிருந்த பறவை தலையை நிமிர்த்தி அசையாமல் நின்றால், அதுவே நாம் நிற்க வேண்டிய எல்லை. சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு முன்னே ஓடும் உப்புக்கொத்தியைப் படமெடுக்கப் பின்தொடர்வது மிகவும் தவறு. கூடோ குஞ்சோ அருகில் இருப்பதால்தான் அது அவ்வாறு நடிக்கிறது. அப்போது தரையைப் பார்த்தபடி, வந்த தடத்திலேயே திரும்பிவிட வேண்டும்.

தனித்துக் கிடக்கும் குஞ்சையோ குட்டியையோ அநாதை என்று கருதித் தூக்குவதும் பரவலாக நடக்கிறது. உப்புக்கொத்திக் குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே ஓடத் தொடங்கி, ஆபத்து நெருங்கினால் மணலோடு மணலாக அசையாமல் படுத்துக்கொள்ளும். குளிர்ந்த கடலோரங்களில் சீல் குட்டியைக் கரையில் விட்டுவிட்டுத் தாய் இரைக்குச் செல்வதும் இயல்பே. காயம் தெரிந்தால் தொடாமல் சரணாலய ஊழியரிடம் சொன்னால் போதும்.

நேரத்தைத் தேர்வதிலும் பலர் தவறுகிறார்கள். நண்பகலில் கானல் அலைவதால் எவ்வளவு நல்ல தொலைநோக்கியிலும் உருவம் தெளியாது, அதிகாலையே சிறந்தது. ஆனால் கடிகாரத்தை மட்டும் நம்பக் கூடாது. கடல் ஏற்றம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்தே புறப்பட வேண்டும். நீர் ஏறும்போது சேற்றுப்பரப்பு சுருங்க, கரைப்பறவைகள் தாமாகவே நம்மை நோக்கி நெருங்கி வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வழக்கத்தைவிட உயர ஏறும் என்பதால், உப்பங்கழிகளைக் கடந்து தொலைவுக்குச் செல்வது உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆமைகள் முட்டையிடும் கரைகளில் இரவில் கைபேசி விளக்கைக்கூட ஏற்றக் கூடாது. பொரித்த குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தையே கடலென்று கொள்வதால், நம் விளக்கை நோக்கி நிலப்பக்கம் திரும்பிவிடும்.

நாயைக் கட்டாமல் விடுவதும் டிரோன் பறக்கவிடுவதும் ஆலாக் கூட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் முட்டைகளை விட்டு எழச் செய்துவிடும். எடுத்த படத்தைக் கூட்டின் இருப்பிடத்தோடு உடனே பகிர்ந்தால் அதே இடத்தைத் தேடிப் பலர் வருவார்கள் என்பதால், குஞ்சுகள் பறக்கும் வரையில் இருப்பிடத்தைச் சொல்லாமல் இருப்பதே சரி.