பழைய பிக்கப்பில் ஏபிஎஸ் பிரேக்கைச் சரிசெய்த கதை

பெடலை மிதித்தால் எண்ணெயை அழுத்தி பிரேக்குகளுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிய பிறகும் என் பழைய பிக்கப்பின் பிரேக் பெடல் பாதிக்குமேல் இறங்கிக்கொண்டே இருந்தது. சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். "நான் சொல்லும்வரை காலை எடுக்காதே தம்பி" என்று சொல்லிவிட்டு அடியில் படுத்துக்கொண்டார்.

நம் ஊரில் ஸ்டியரிங் வலதுபுறம், அதனால் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் இருப்பது பின் இடது சக்கரம், எண்ணெயோடு காற்றையும் வெளியேற்றும் வேலையை அங்கேதான் தொடங்கினோம். கோப்பி ஓ நிறத்தில் பழைய எண்ணெய் வந்தது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டியது, ஈரம் ஏறினால் 140 வரை இறங்கிவிடலாம். இந்தப் புழுக்கத்தில் அதை வருடக்கணக்கில் விட்டுவைப்பது ஆபத்து.

நான்கு சக்கரமும் முடிந்தும் பெடல் இறுகவில்லை. காற்று ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) யூனிட்டின் வால்வுகளுக்குள் மாட்டியிருந்தது, பெடலை எவ்வளவு மிதித்தாலும் அது வெளியே வராது. ஸ்கேனரைச் செருகி யூனிட்டின் மோட்டாரை ஓடவிட்டார், காலடியில் பெடல் படபடவென்று அதிர்ந்தது, அப்புறம் மறுபடி சக்கரங்களில் காற்று விடும் திருகுகளைத் திறந்தபோது குழாயில் பொடிப்பொடியாகக் குமிழிகள். பார்க்கவே அவ்வளவு நிம்மதி! பெடல் கல்லாக நின்றது.

சரி, இன்னொரு தொல்லை: சிக்னலில் மெதுவாக நிற்கப்போகும்போது காரணமில்லாமல் ஏபிஎஸ் துடிக்கும். முன்சக்கர வேகத்தை அளக்கும் சென்சாருக்கு அடியில் துரு ஏறி அதைத் தூக்கியிருந்தது, இடைவெளி கூடினால் குறைந்த வேகத்தில் சென்சாரின் சிக்னல் விட்டுப்போகும். துருவைச் சுரண்டி மாட்டினோம், துடிப்பு நின்றது.